நிற்கிற வண்டியில் கண்டக்டர் உட்காரக் கூடாது

அமெரிக்காவில் செல்வி வீட்டில் நாலு மாசம் இருந்துவிட்டு நானும் உங்கள் அம்மையும் ஊர் திரும்பிய மறுநாள், நீங்கள் மூன்று பேரும் தனித்தனியாகப் போன் செய்தீர்கள். மூன்று பேரும் கேட்டது ஒன்றுதான்: "அவ்வளவு நேரம் பிளேன்ல எப்பிடிப்பா இருந்தீங்க?" செல்வி மட்டும் கூடுதலாக ஒன்று கேட்டாள். "நீங்க சீட்டிலேயே இருக்கலியாமே, வாலுக்கும் தலைக்குமா நடந்துட்டே கிடந்தீங்களாமே, அம்மை சொன்னா." உண்மைதான். போனில் சொல்லித் தீருகிற காரியமில்லை என்பதால் அப்போது சிரித்து மழுப்பிவிட்டேன். இப்போது எழுதுகிறேன். எட்டாம் கிளாசோடு நிறுத்தியவன் எழுதுவது. பிழை கிடந்தால் இளையவன் திருத்திக்கொள்ளட்டும்.

முதல் காரியம், எனக்கு உட்கார்ந்து பயணம் செய்து பழக்கமில்லை. முப்பது வருஷத்துக்கு மேல் கண்டக்டராகப் பஸ்ஸில் போனேன். அத்தனையும் நின்றுகொண்டு. பிளேனில் ஏறி அந்த வழியைப் பார்த்ததும் கால் தானாக எழுந்துவிட்டது. ரெண்டு பக்கமும் சீட்டு, நடுவில் நடக்க இடம், தலைக்கு மேலே சாமான் தட்டு. நம்ம வண்டிதான், கொஞ்சம் பெரிசு. நான் முன்னால் போவதும் பின்னால் வருவதுமாக இருந்தேன். சாப்பாடு கொடுக்கிற பெண் சிரித்த முகத்தோடு வந்து வந்து இருக்கச் சொன்னாள். கடைசியில் அம்மைதான் சட்டையைப் பிடித்து இழுத்தாள்.

"இஞ்ச பாருங்க, இங்க டிக்கெட் எடுக்காம ஒருத்தரும் ஏறல்ல. வந்து இரிங்க."

இருந்தேன். அப்போதுதான் பக்கத்து சீட்டு ஆளைக் கவனித்தேன்.

ஐம்பது வயது இருக்கும். எல்லார் முன்னாலும் உள்ள சின்ன டிவியில் சினிமா ஓடுகிறது. இவர் முன்னால் மட்டும் ஒரு மேப்பு. நீலக் கடலுக்கு மேலே குட்டி விமானம் ஒன்று. அது நகருவதே தெரியவில்லை. மூலையில், இறங்க இன்னும் எவ்வளவு நேரம் என்று எழுதிக் காட்டுகிறது. அதிலிருந்து அவர் கண்ணை எடுக்கவில்லை. சோறு வந்தது, மூடியைத் திறக்கவில்லை. எடுத்துக்கொண்டு போனார்கள், அதையும் பார்க்கவில்லை.

"ஊருக்காக்குமா?" என்று கேட்டேன்.

என் பேச்சைக் கேட்டதும் சட்டென்று திரும்பினார். "மாமாவுக்கு எவிடெ ஊரு?"

"பாறசாலைக்கு இங்கோட்டு. செங்கல்னு ஊரு."

"நான் கோட்டுகால் ஆக்கும்," என்றார். பிறகு மலையாளமும் தமிழும் நம்ம ஊர்க் கலப்பில் தானாக வந்துவிட்டது. பெயர் வில்சன். அப்பன் ஆஸ்பத்திரியில். "அண்ணன் விளிச்சு, சீக்கிரம் வாடேன்னான். ஏறுறதுக்கு முன்ன பேசினேன். இருக்காருன்னு சொன்னான். இப்ப…" என்று விரலை அந்த மேப்பில் வைத்தார். "மாமா, இதுக்குள்ள இருந்துட்டு நான் என்ன செய்ய?"

இதே கேள்வியை நான் முன்பு ஒரு தடவை காதால் கேட்டிருக்கிறேன். நின்றுபோன ஒரு பஸ்ஸில், ஒரு பெண்பிள்ளையின் வாயிலிருந்து.

உங்களுக்குப் பாஸ்கரண்ணனைத் தெரியாது. நான் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் என் வண்டியின் டிரைவர். டிக்கெட் கிழிக்க, பைக்காசு எண்ண, மணிக்கயிற்றை நிறுத்த ஒன்றும் போக இரண்டும் இழுக்க, இதெல்லாம் கொஞ்ச நாளில் யாருக்கும் வந்துவிடும். மற்றதெல்லாம் அவர் கையிலிருந்து நான் வாங்கியது. நெய்யாற்றின்கரைக்காரர். அவர் மலையாளத்தில் கேட்பார், நான் தமிழில் சொல்வேன். அதை நாங்கள் இரண்டு பேருமே கவனித்ததில்லை. சத்தம் போட்டு ஒரு நாளும் கண்டித்ததில்லை. "எடோ" என்பார், அவ்வளவுதான். அந்த "எடோ"வின் நீளத்திலிருந்து நான் செய்த தப்பின் பருமனைத் தெரிந்துகொள்ளலாம்.

திருவனந்தபுரத்துக்கும் நாகர்கோவிலுக்கும் போகிற வண்டி. எல்லைப் போராட்ட வருஷங்கள் அவை. தமிழ் பேசுகிற தாலுகாக்களைத் தமிழ்நாட்டோடு சேர்க்க வேண்டும் என்று ஒரு பக்கம், விடமாட்டோம் என்று ஒரு பக்கம். இன்று வண்டி ஓடுமா என்று டிப்போவில் யாருக்கும் தெரியாது. ஓடினாலும் எங்கே நிற்கும் என்று தெரியாது. மரம் கிடக்கும், கல் கிடக்கும், இல்லையென்றால் ஆளே ரோட்டில் கிடப்பார்கள்.

நின்றுபோன வண்டிக்குப் பாஸ்கரண்ணன் ஒரு முறை வைத்திருந்தார். மற்ற டிரைவர்கள் வண்டி நின்றால் இறங்கிப் போய் மரநிழலில் பீடி பற்றவைப்பார்கள். இவர் ஸ்டியரிங்கை விட்டு எழுந்திருக்க மாட்டார். கண்டக்டரும் உட்காரக் கூடாது. "நீ இருந்தா, இனி இது போகாதுன்னு அவங்களுக்கும் தோணிப்போகும். நடந்துட்டே இரி," என்பார். யாராவது இன்னும் எவ்வளவு நேரம் என்று கேட்டால் மணி சொல்லவே கூடாது. பொய்யான மணி சொன்னால் அது தீரும்போது ஜனங்கள் நம்மை அடிப்பார்கள், உண்மையான மணி நமக்கே தெரியாது என்பார்.

பிறகு சீட்டு மாற்றம். ஓடுகிற வண்டிக்கு வெயில் மாறிமாறி அடிக்கும். நிற்கிற வண்டியில் ஒரே பக்கம் உட்கார்ந்தவன் வெந்துபோவான். அதனால் அவர் அந்த ரப்பர் குடுவை ஹாரனை ஒரு தடவை அமுக்குவார். வெயில் பக்கத்து ஆள்கள் எழுந்து நிழல் பக்கம், நிழல் பக்கத்து ஆள்கள் வெயில் பக்கம். முதல் தடவை முணுமுணுப்பார்கள். மூன்றாவது தடவை, "டிரைவரண்ணே, ஹாரன் அடிக்க மறந்துபோச்சா?" என்று அவர்களே கேட்பார்கள். மற்ற நாளில் யார் பக்கத்தில் யார் இருக்கலாம் என்று யோசிக்கிறவர்களெல்லாம் அந்த ஹாரனுக்கு மாறி மாறி உட்கார்ந்ததை நான் பார்த்திருக்கிறேன்.

அன்றைக்கு அமரவிளை தாண்டி உதியங்குளங்கரைக்குப் பக்கத்தில் ஒரு பெரிய ஆஞ்சிலி மரம் ரோட்டுக்குக் குறுக்கே கிடந்தது. அதன்மேல் ஏழெட்டுப் பேர் வரிசையாக இருந்தார்கள், கல்யாண வீட்டுப் பெஞ்சில் இருப்பதுபோல. சுற்றிலும் கூட்டம். மரத்தின் மேல் நடுவில் இருந்தவன் என் அத்தை மகன் முத்தையன்.

என்னைப் பார்த்ததும் அவனுக்கு உற்சாகம் தாங்கவில்லை. "எலே தங்கப்பா! அந்தக் காக்கித் தொப்பியக் கழத்தி எறிஞ்சிட்டு இறங்கி வாலே. நீ நம்ம ஆளுல்லா! அங்க இருந்து அவனுகளுக்குக் கதவு திறந்து விட்டுட்டு இருக்கியே, வெக்கமா இல்லியா?"

கூட்டம் சிரித்தது. எனக்குக் காது சுட்டது. அவன் கேட்டது எனக்கும் வேண்டாத காரியமில்லை. போராட்டக் கூட்டம் நடந்தால் பின்னால் போய் நின்று கேட்டுக்கொண்டிருந்தவன்தான் நானும். இறங்கிப் போனால் வேலை போகும். போகாவிட்டால் வீட்டில் அத்தை முகத்தைப் பார்க்க முடியாது. பாஸ்கரண்ணனைத் திரும்பிப் பார்த்தேன். அவர் துணியை எடுத்துக் கண்ணாடியைத் துடைத்தார். நான் டிக்கெட் பையைச் சரிபண்ணிக்கொண்டு வண்டிக்குள் நடக்க ஆரம்பித்தேன்.

இரண்டாவது சீட்டு மாற்றம் முடிந்தபோதுதான் லெட்சுமிக்குட்டி அக்கா கேட்டாள். ஆரியங்கோட்டுக்காரி, நெய்யாற்றின்கரையில் ஏறினவள். நாகர்கோவில் ஆஸ்பத்திரியில் கட்டின மாப்பிள்ளை கிடக்கிறார். நேற்று ஆள் வந்து சொன்னானாம், வேகம் வரச்சொல்லி. "கண்டக்டரே, இதுக்குள்ள இருந்துட்டு நான் என்ன செய்ய?"

பாஸ்கரண்ணன் சீட்டிலிருந்தபடியே தலையைத் திருப்பினார். "அம்மே, நாகர்கோவில்ல இறங்கினதும் முதல்ல என்ன செய்வீங்க?"

இது அவருடைய வழக்கம்தான். நிற்கிற வண்டியில் ஒவ்வொருத்தரிடமும் இதைக் கேட்பார். சந்தைக்குப் போகிறவனிடம் கேட்டால் அவன் சந்தையை முழுக்கச் சொல்லுவான், நேரம் போகும். ஆனால் இவளிடம் கேட்கலாமா என்று நான் பயந்தேன்.

"அவருக்குக் கஞ்சி கொடுப்பேன்," என்றாள். "ஆஸ்பத்திரியில கரண்டி கொடுப்பாங்களாம். அவரு கரண்டி வச்சாக் குடிக்க மாட்டாரு. இரும்பு ருசி வருதும்பாரு." மடியிலிருந்த பொட்டணத்தை அவிழ்த்தாள். உள்ளே நம்ம ஊர்ப் பிலாவிலை, பலா இலைதான், ஒரு கட்டு. கஞ்சி கோரிக் குடிக்க வீட்டிலிருந்தே பறித்துக் கொண்டுபோகிறாள். "நாகர்கோவில்ல பிலாமரம் இல்லாமலா இருக்கு?" என்று யாரோ கேட்டார்கள். "அது யாரு வீட்டு மரமோ," என்றாள் அவள்.

பாஸ்கரண்ணன், "அங்க போய்க் கோட்ட நேரமிருக்காது. இப்பவே கோட்டி வச்சிருங்க," என்றார். அவள் ஈர்க்கில் எடுத்து ஒவ்வொரு இலையாகக் கரண்டிபோலக் குவித்துக் குத்த ஆரம்பித்தாள். பக்கத்திலிருந்தவர்களும் ஆளுக்கு இரண்டு இலை வாங்கிக் கோட்டினார்கள். குத்தத் தெரியாத ஒரு குமாஸ்தாவை எல்லாரும் கேலி செய்தார்கள். அவள் கையை ஓட்டிக்கொண்டே அவருக்கு எவ்வளவு உப்பு வேண்டும், சுட்ட பப்படம் எப்படி நொறுக்கிப் போட வேண்டும், முதல் இலை கஞ்சியை ஊதிக் கொடுத்தால் கோபம் வரும், என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். அவள் முகத்தில் அந்த வேவலாதி, அந்தப் பதைப்பு, போயிருந்தது.

அப்போது மரத்துக்கு அந்தப் பக்கம் ஒரு வண்டி வந்து நின்றது. நாகர்கோவிலிலிருந்து வருகிற வண்டி.

"எடோ," என்றார் பாஸ்கரண்ணன். சின்ன "எடோ"தான். "அவன் உனக்கு யாரு, அத்தை மகனா? போய்ப் பேசு. ஆள் மட்டும் மரம் தாண்டட்டும். அவங்க வண்டி திரும்பி நாகர்கோவில் போகட்டும், நாம திரும்பி இங்கோட்டு போவோம். தொப்பியக் கழத்தாமப் போ."

போனேன். முத்தையன் சிரித்தான். "வண்டி நிறுத்துத அன்னைக்கெல்லாம் ஒருத்தருக்க மாப்பிள்ளைக்குத் தீனம் வரும்லே. எனக்குத் தெரியாதா?"

"அப்ப நீயே வந்து அவளுக்க முகத்தப் பாத்து அதச் சொல்லு," என்றேன்.

வந்தான். ரோசத்தில் படியில் காலை வைத்துவிட்டான். பாஸ்கரண்ணன் திரும்பாமலே, "டிக்கெட் எடுக்காம ஏறப்பிடாது," என்றார். வண்டியே சிரித்தது, முத்தையனும் சிரித்துவிட்டான். பிறகு அவன் கண் அந்தப் பிலாவிலைகள் மேல் போனது. வரிசையாக அடுக்கி வைத்திருந்தாள். அவன் இறங்கிப் போய் மரத்தில் இருந்தவர்களிடம், "வண்டி போகப்படாது, ஆளு போகட்டு," என்றான்.

பாஸ்கரண்ணன் அந்த வண்டி டிரைவரோடு ஒரே நிமிஷம் பேசினார். இவர் ஆட்களுக்கு அங்கே டிக்கெட் கேட்கக் கூடாது, அவர் ஆட்களுக்கு இங்கே கேட்கக் கூடாது, அவ்வளவுதான் பேச்சு. மரம் உயரம். சேலை கட்டினவர்களால் தாண்ட முடியாது. லெட்சுமிக்குட்டி அக்கா பொட்டணத்தோடு அதன் முன்னால் நின்று முத்தையனைப் பார்த்தாள். "நீ வெட்டின மரம்தானே? பிடி கைய." அவன் ஒரு பக்கம் நின்றான், நான் ஒரு பக்கம். வெட்டினவர்களே வரிசையாக நின்று எல்லாரையும் கைபிடித்து இறக்கினார்கள். கடைசி ஆள் அந்த வண்டியில் உட்காருகிறவரை பாஸ்கரண்ணன் எங்கள் வண்டியைத் திருப்பவில்லை.

இதற்கு டிப்போவில் விளக்கம் கேட்டார்கள். யார் உத்தரவில் ஆளை மாற்றினாய் என்று. பாஸ்கரண்ணன் மேசைக்கு முன்னால் தொப்பியைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, "மரம் கிடந்தது சார்," என்று மட்டும் சொன்னார். மறுபடி கேட்டார்கள். மறுபடியும் அதையே சொன்னார். விட்டுவிட்டார்கள்.

எல்லைக் கோடு கடைசியில் களியக்காவிளையில் விழுந்தது. நம்ம வீடு இந்தக் கேரளப் பக்கம், முத்தையன் பெண் கட்டிப் போன வீடு அந்தப் பக்கம். அது போகட்டும்.

இதையெல்லாம் வில்சனிடம் சொன்னேன். சொல்லச் சொல்ல அவர் அந்த மேப்பைப் பார்ப்பதை விட்டுவிட்டார். பிலாவிலைக்கு லேசாகச் சிரித்தார். எனக்குச் சந்தோஷம். அப்போதுதான் அவர் கேட்டார்: "மாமா, அந்த அக்கா போய்ச் சேர்ந்தப்ப அவரு இருந்தாரா?"

கேட்பார் என்று எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். அம்மை தூங்குவதுபோல இருந்தவள் கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தாள். அவளுக்கு இந்தக் கதை தெரியும். "இருந்தாரு"ன்னு சொல்லிப்போடுங்க என்கிற பார்வை அது. நானும் அதைத்தான் சொல்லப் பார்த்தேன். ஆனால் பொய்யான மணி தீரும்போது என்ன ஆகும் என்று பாஸ்கரண்ணன் சொன்னது முன்னால் வந்து நின்றது.

"இல்ல மக்கா," என்றேன். "அவ இலை கோட்டிட்டு இருந்த நேரத்துலயே போயிட்டாரு."

வில்சன் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"மீதியையும் கேளுங்க," என்றேன். சில மாசம் கழித்து அவள் எங்கள் வண்டியில் ஏறினாள், வெள்ளை உடுத்து. நான் டிக்கெட் கொடுக்கப் போனேன். நாங்கள் அந்தக் கேள்வியைக் கேட்டு அவளை ஏமாற்றிவிட்டோம் என்றுதான் அத்தனை நாளும் எனக்குள் கிடந்தது. அவளே பேசினாள். "கண்டக்டரே, அந்த வண்டியில இருந்தது வரைக்கும் எனக்கு அவரு உண்டு. கஞ்சி குடிச்சாரு, உப்புப் போராதுன்னு ஏசினாரு. அவ்வளவு நேரம் எனக்குக் கூடக் கிடைச்சுது." பிறகு முன்சீட்டைப் பார்த்து, "டிரைவரண்ணனுக்கிட்ட சொல்லிருங்க," என்றாள். நான் போய்ச் சொன்னேன். அவர் கேட்டுக்கொண்டு ஹாரனை ஒரு தடவை சும்மா அமுக்கினார். ரோட்டில் ஒரு கோழிகூட இல்லை.

வில்சனிடம் இதையும் சொல்லி முடித்து நான் எழுந்து வால்வரை நடந்துவிட்டு வந்தேன். பிளேன் வேகமாகத்தான் போகிறது என்கிறார்கள். ஆனால் அவரைப்போல உள்ளே இருக்கிறவனுக்கு அது நிற்கிற வண்டியாக்கும். நான் வந்து உட்கார்ந்ததும், கேட்காமலே அவர் சொல்ல ஆரம்பித்தார்.

"அப்பனுக்குச் சவரம் பண்ணுவேன் மாமா. முதல்ல அதத்தான். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குப் போக முன்ன முகம் மின்னணும் அவருக்கு. ஆஸ்பத்திரியில அண்ணன் எடுத்த போட்டோவில தாடி வளந்து கிடக்கு." பிறகு சோப்பு எது, வலது தாடைக்குக் கீழே ஒரு குழி உண்டு, அங்கே தோலை இழுத்துப் பிடிக்காவிட்டால் முடி நிற்கும், சின்ன வயதில் அப்பன் கண்ணாடி பார்த்துச் செய்யும்போது நுரையைத் தொட்டு இவர் மூக்கில் வைப்பார், இதெல்லாம் சொன்னார். அடுத்துச் சோறு வந்தபோது மூடியைத் திறந்தார். அம்மை தன் இனிப்பையும் எடுத்து அவர் தட்டில் வைத்தாள்.

வளைகுடாவில் இறங்கி வேறு விமானம் மாற வேண்டும். எல்லாரும் போனைத் திறந்தார்கள். வில்சனும் கையில் எடுத்தார். உள்ளங்கையில் வைத்து அந்தக் கறுத்த கண்ணாடியைப் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு திறக்காமலே சட்டைப்பையில் போட்டார்.

"இன்னும் ஒரு வண்டி உண்டுல்லா மாமா," என்றார். "வாங்க, நடப்போம்."

நாங்கள் இரண்டு பேரும் அந்த நீள மண்டபத்தில் நடந்தோம். அம்மை பைகளுக்குக் காவல்.

திருவனந்தபுரத்தில் வெளியே வந்ததும் அவருடைய அண்ணன் நின்றார். கையில் ஒன்றுமில்லை, அழவும் இல்லை. முகமே சொல்லிவிட்டது. நாங்கள் கடலுக்கு மேலே இருந்தபோது போயிருக்கிறார். சவரத்தைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்த நேரமாகக்கூட இருக்கலாம். வில்சன் அண்ணனின் தோளில் முகத்தை வைத்து அழுதார். பிறகு நிமிர்ந்து கேட்டது எனக்கும் கேட்டது: "யாராவது சவரம் பண்ணிட்டாங்களா?" இல்லை என்று அண்ணன் தலையசைத்தார். "பண்ண வேண்டாம். நான் வாறேன்."

மறுநாள் கோட்டுகாலுக்கு நான் போனேன். வெள்ளைச் சட்டையில் அந்தப் பெரியவரைப் படுக்க வைத்திருந்தார்கள். முகம் மின்னியது. வலது தாடைக்குக் கீழே, அந்தக் குழியில் மட்டும், கொஞ்சம் நரைமுடி நின்றது.

பிள்ளைகளே, உங்கள் கேள்விக்கு இதுதான் பதில். ஆனால் எழுதியது அதற்காக மட்டுமில்லை. நீங்கள் மூன்று பேரும் மூன்று தேசத்தில் இருக்கிறீர்கள். எனக்கு வயது எழுபத்தைந்து தாண்டியாயிற்று. ஒளித்து என்ன, ஒரு நாள் நீங்களும் அப்படி ஒரு விமானத்தில் இருக்க வேண்டிவரும். அந்த மேப்பைப் பார்க்காதீர்கள். எழுந்து நடங்கள், யார் இருக்கச் சொன்னாலும் சரி. பக்கத்து ஆள் சாப்பிட்டாரா என்று பாருங்கள். அந்த வண்டியில் இருக்கிறவரை உங்களுக்கு நான் உண்டு.

இறங்கினதும் முதலில் என்ன செய்வது என்று யோசித்துக் கஷ்டப்பட வேண்டாம், நானே சொல்லிவிடுகிறேன். கிணற்றடியில் காலும் முகமும் கழுவுங்கள். அடுக்களைக்குப் போய் அம்மைக்கு ஒரு கடுங்காப்பி போடுங்கள், கருப்பட்டி குறைத்து. அவள் பக்கத்தில் இருந்து குடிக்க வையுங்கள், நீங்களும் குடியுங்கள். பிறகு என்னிடம் வந்தால் போதும். எனக்கு அவசரம் ஒன்றும் இருக்காது.